இரண்டேகால் ஹெக்டேர்: உள்ளூர்க் காப்பிடங்களுக்கு அளவு வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிவகங்கைப் பக்கம் ஒரு பஞ்சாயத்தில், ஊரின் உயிரினங்களையும் அவற்றின் வாழிடங்களையும் எழுதி வைக்கும் பல்லுயிர்ப் பதிவேட்டுக்காக இளைஞர்கள் நாலு பேர் நீர்நிலைகளைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். லேப்டாப்பில் ஒரு ஃபில்டரைத் தட்டினார்கள். பட்டியலில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. "2.25 ஹெக்டேருக்குக் கீழே இருக்கிறதெல்லாம் போயிருச்சு" என்றான் ஒருவன். ஏன் அந்த அளவு என்று கேட்டேன். "அதுதானே அண்ணே ரூல்?"

சில வருஷத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன்.

ஏக்கரையும் ஹெக்டேரையும் குழப்புவது, ஜிபிஎஸ் புள்ளியை மாற்றிக் குறிப்பது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வரைபடத்தின் எல்லையை உயிர்களின் எல்லையாக எடுத்துக்கொள்வது

இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2011இல் தேசிய ஈரநில வரைபடத் தொகுப்பை 1:50,000 அளவில் தயாரித்தது. அந்தத் தாளில் 3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் கட்டம் என்றால் தரையில் 150 மீட்டருக்கு 150 மீட்டர். கணக்குப் போட்டால் 2.25 ஹெக்டேர், ஏறக்குறைய ஐந்தரை ஏக்கர். அதைவிடச் சின்னதை உருவத்தோடு வரைய முடியாமல் வெறும் புள்ளியாக வைத்தார்கள். உருவம் கிடைத்தவை 2,01,503. புள்ளியாக நின்றவை 5,55,557. உச்ச நீதிமன்றம் 2017இல் காக்கச் சொன்னது அந்த 2,01,503 ஈரநிலங்களை. படம் வரையும் வசதிக்காக வைத்த எண், எதைக் காப்பாற்றலாம் என்று முடிவு செய்யும் எண்ணாகக் களத்தில் மாறிப்போனது இப்படித்தான்.

நான் அன்றைக்குப் பட்டியலிலிருந்து தூக்கியெறிந்த ஊரணி மூன்று ஏக்கர் சொச்சம். பார்த்தது கோடையில். மண் பாளம் பாளமாக வெடித்து, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. ஐப்பசி மழை முடிந்து வேறு வேலையாக அந்த வழியே போனபோது, கரையோரத் தண்ணீரை ஒரு வெள்ளைத் தட்டில் மொண்டு பார்த்தேன். கண்ணாடி போல் உடம்பு, விரல்நக நீளம், மல்லாந்தபடி நீந்துகிற இறால் வகை. அதன் முட்டை காய்ந்த சேற்றுக்குள் வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும். வற்றாத பெரிய கண்மாயில் மீன் இதைத் தின்று தீர்த்துவிடும். வருஷாவருஷம் வற்றுகிற ஊரணியில் மீன் நிலைக்காது, இது பிழைக்கும். பல தவளைகளின் தலைப்பிரட்டைக்கும் இதே கதைதான். அந்த இடம் சின்னதாக இருந்ததும் வற்றியதும்தான் அதன் தகுதி. நான் அவற்றையே குறையாக எழுதி நீக்கியிருந்தேன்.

அடுத்த முறை போனபோது ஊரணியில் பாதிக்கு மண் அடித்து மட்டம் செய்திருந்தார்கள். ஆட்சேபணை மனுவோடு போன ஊர்க்காரர்களுக்கு அலுவலகத்தில் எடுத்துக் காட்டியது நான் தயாரித்த பட்டியலைத்தான். "இதுலயே இல்லையேம்மா." இன்றைக்கும் யாராவது அந்த ஃபில்டரைத் தட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இங்கிலாந்திலும் பழங்காடுகளின் பட்டியலை 1980களில் தொகுத்தபோது 2 ஹெக்டேருக்குக் குறைந்த காடுகளைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. இப்போது கால் ஹெக்டேர் வரை இறங்கித் தேடுகிறார்கள்.

ஒரு கோடு வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாப் பள்ளத்தையும் சேர்த்தால் பஞ்சாயத்து எதையும் கவனிக்காது. ஆனால் கோட்டுக்குக் கீழே விழுகிற ஒவ்வோர் இடத்தையும் மழைக்காலத்தில் ஒரு தடவையாவது நேரில் பாருங்கள். பார்த்த தேதியையும் கண்டதையும் எழுதிவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

எல்லா வாழிடத்துக்கும் ஒரே எண்

மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் பல்லுயிர் பாரம்பரியத் தலமானபோது அதன் பரப்பு சுமார் 193 ஹெக்டேர். 2025இல் அதே சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டி கோயில் காடு 4.97 ஹெக்டேர். முதலாவதைப் பார்த்து அளவு வைத்திருந்தால் இரண்டாவது உள்ளே வந்திருக்காது. புல்வெளி வேறு மாதிரி. தரையில் கூடு வைக்கும் பறவைக்குச் சுற்றிலும் வெட்டவெளி வேண்டும், அங்கே ஐந்து ஏக்கர் பத்தாது. கோயில் காடு, ஊரணி, புல்வெளி மூன்றுக்கும் தனித்தனி எண் வையுங்கள்.

சர்வே எண்ணையே நீர்நிலையாக எண்ணுவது

ஒரே கண்மாய் இரண்டு ஊர் எல்லையில் கிடக்கும். இரண்டு எண், இரண்டும் கோட்டுக்குக் கீழே. கூட்டிப் பாருங்கள்.

சித்திரையில் தண்ணீரை அளப்பது

கரையை அளங்கள்.

ஆக்கிரமிப்பு போக மிச்சத்தை எழுதுவது

ஆறு ஏக்கர் ஊரணி இன்று நாலு ஏக்கராகத் தெரிந்தால், பதிவேட்டில் ஆறு என்றே இருக்க வேண்டும். நாலு என்று எழுதினால் கோட்டுக்குக் கீழேயும் போய்விடும், வளைத்தவருக்கு ஒரு சான்றும் கிடைத்துவிடும். விஏஓவிடம் நிலத்தின் பரப்பு எழுதியிருக்கும் 'ஏ' பதிவேட்டு நகலையும் அதன் எல்லை காட்டும் புலப்படத்தையும் கேட்டு வாங்கி, பட்டியலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.