கடவுள் தரும் வியப்புகள்: எங்கே தவறவிடுகிறோம்?

சகாயமாதா நவநாள் (மாதாவிடம் வேண்டும் தொடர் செபவழிபாடு) நடக்கும் கோவில்களில் மன்றாட்டுகளோடு நன்றி மடல்களும் வாசிப்பார்கள். "தாயே, மகனுக்கு விசா கிடைத்தது", "கல்யாணமாகிப் பல வருடம் கழித்துக் குழந்தை", "வீட்டு லோன் பாஸ் ஆனது". நல்லதுதான். கேட்டு வாங்கிய பிறகும் நன்றி சொல்ல நினைவிருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால், விசா கேட்டேன், கிடைக்கவில்லை, அந்த அலைச்சலில் பேச்சுவார்த்தையே இல்லாதிருந்த அண்ணனோடு சேர்ந்துவிட்டேன் என்று ஒரு மடல் வாசித்து நான் கேட்டதில்லை. இப்படி யாருக்கும் நடக்காமல் இருக்காது. மடலில் எழுத வேண்டிய விஷயமாக அது யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

முதல் தவறு இதுவே: கேட்டது கிடைப்பதை மட்டுமே கடவுள் தரும் வியப்பாக எண்ணுவது. கேட்டது கிடைத்தால் அது மன்றாட்டுக்கு வந்த பதில். கேட்கவே தோன்றாத ஒன்று வந்து நின்றால்தான் வியப்பு. பிரேசிலில் 1717இல் மூன்று மீனவர்கள் பராயிபா ஆற்றில் வலை வீசினார்கள். மீன் சிக்கவில்லை, தலையில்லாத ஒரு மாதா சுரூபம் வந்தது, அடுத்த வீச்சில் தலை வந்தது. வேறு யாராவது என்றால் உடைந்த மண் பொம்மை என்று திரும்ப ஆற்றில் போட்டிருப்பார்கள். இன்று அங்கே அப்பரெசிதா பேராலயம் நிற்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013 ஜூலையில் அங்கே திருப்பலி நிறைவேற்றியபோது இந்தக் கதையைச் சொல்லித்தான், கடவுள் நம்மை வியக்கவைக்க இடம் கொடுங்கள் என்றார்.

அடுத்தது, வியப்பைத் தேடப் போய்க் குறி கேட்பதில் முடிவது. கோவில் பெஞ்சில் ஜெராக்ஸ் தாள் கிடக்கும்: இந்தச் செபத்தை ஒன்பது பிரதி எடுத்து ஒன்பது கோவில்களில் வையுங்கள், ஒன்பதாம் நாள் அற்புதம் நடக்கும், அலட்சியம் செய்தவர் வியாபாரத்தில் நொடித்துப்போனார். இப்போது அதே தாள் வாட்ஸ்அப்பில் பூப்படத்தோடு வருகிறது. ஒருவருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. செபத்தின் பொருளையும் மனநிலையையும் விட்டுவிட்டு, வெளிச்செய்கையால் மட்டுமே பலன் வரும் என்று நினைப்பது மூடநம்பிக்கை என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடே சொல்கிறது (எண் 2111).

கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்து வேலையை விடலாமா, பெண் பார்க்கப் போகலாமா என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. கேட்டால் புனித அகுஸ்தீனாரைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 386இல் மிலான் நகரத் தோட்டத்தில், "எடுத்து வாசி" என்ற குழந்தைக் குரலைக் கேட்டு அவர் திறந்தது உண்மைதான். ஆனால் அது அவர் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்த பவுலின் திருமுகம். மிலான் ஆயர் அம்புரோசியாரின் மறையுரைகளை நாள் கணக்கில் கேட்டவர், தாய் மோனிக்காவின் கண்ணீரைப் பார்த்தவர். கண்ணில் பட்ட வசனமும் (உரோமையர் 13) அவருக்கு எந்த வசதியும் செய்து தரவில்லை, பழைய வாழ்க்கையை விடச் சொன்னது. நாம் திறந்தால் மட்டும் எப்போதும் நமக்குச் சாதகமாகவே ஏன் வருகிறது என்று கொஞ்சம் சந்தேகப்படலாம். சாதகமாக வரும்வரை மூடி மூடித் திறக்கிறோம், வேறென்ன.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். துக்க வீட்டுக்குப் போய், "கடவுள் இதிலும் ஏதோ ஆச்சரியம் வைத்திருப்பார்" என்று சொல்வது. வியப்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. எருசலேமின் சிலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அந்தக் கணக்கையே மறுத்தார் இயேசு (லூக்கா 13). விவிலியத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு பேசாமல் உட்கார்ந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசியில் கடவுளே அவர்கள்மேல் சினம் கொள்கிறார்.

அதே யோபின் கதை நம் மண்ணில் ஒருவரை மாற்றியிருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் தோற்றுப் பிடிபட்டவர் டச்சுத் தளபதி டிலனாய். பின்னாளில் அதே திருவிதாங்கூர் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அரண்மனை அலுவலரான நீலகண்டப் பிள்ளை, வீட்டில் மாடுகள் சாவதும் நட்டமுமாக மனம் உடைந்திருந்தபோது, டிலனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்று தேவசகாயம் ஆனார் பிள்ளை. 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். மாடு செத்ததைக் கடவுளின் வியப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தோற்ற பகைவன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னானே, அதைச் சொல்வேன்.

இதில் இன்னொரு தவறும் தெரிகிறது: யார் வழியாக வர வேண்டும் என்று நாமே முடிவு செய்து வைப்பது. இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நாசரேத்திலிருந்து நல்லது வருமா என்று நத்தனியேல் கேட்டதுபோல, அன்பியக் கூட்டத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவில்) பிடிக்காதவர் பேச எழுந்ததுமே காதை மூடிக்கொள்கிறோம். பங்குத்தந்தையோ தியானம் கொடுக்க வந்த குருவோ சொன்னால்தான் கேட்போம் என்றால் பாதி விஷயம் வீட்டுக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

நாள் ஓடும்போதே எதையும் பிடித்துவிடலாம் என்று நினைப்பதும் நடக்காது. எம்மாவு ஊருக்குப் போன சீடர்கள், வழி நெடுகக் கூட நடந்த உயிர்த்த இயேசுவை அடையாளம் காணவில்லை. அப்பம் பிட்ட பிறகுதான், வழியில் பேசும்போதே நம் உள்ளம் பற்றி எரியவில்லையா என்று திரும்பிப் பார்த்தார்கள். 1521இல் பம்ப்லோனாவில் குண்டடிபட்டு லொயோலா வீட்டில் படுத்திருந்த, பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரும் இதைத்தான் பழகினார். வீரசாகசக் கனவுகள் அப்போதைக்கு இனித்து, பின் வெறுமையை விட்டுச் சென்றன. புனிதர்களைப் பற்றிய நினைவுகளோ கலைந்த பிறகும் மகிழ்ச்சியை விட்டுச் சென்றன. அவர் பின்னர் கற்றுக்கொடுத்த ஆன்ம சோதனையும் (அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் செபம்) நன்றியில்தான் தொடங்குகிறது, பாவக் கணக்கில் இல்லை. நம்மில் பலர் முதல் பகுதியைத் தாண்டி நேராகக் குற்றப் பட்டியலுக்குப் போய்விடுகிறோம்.

இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் போதும். காலையிலிருந்து வரிசையாக ஓட்டிப் பாருங்கள்: யார் பேச்சு மனதில் தங்கியது, எங்கே எரிச்சல் வந்தது, எது எதிர்பாராமல் இளகியது. கண்டதை உடனே ஸ்டேட்டஸில் போட வேண்டாம். மரியா எல்லாவற்றையும் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்தார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். பெரிய முடிவாக இருந்தால் ஆன்ம குருவிடம் மட்டும் சொல்லிப் பாருங்கள். ஒன்றும் தென்படாத நாள்களும் வரும், வாரக்கணக்கில்கூட வரும். அன்றைக்கு எதையாவது இட்டுக்கட்டாமல், ஒரு பரலோக மந்திரம் (இயேசு கற்றுக்கொடுத்த செபம்) சொல்லிவிட்டுத் தூங்கப் போகலாம்.