திபெத்திய ஐந்து கிரியைகள்: இருபத்தொன்றில் தொடங்கும் தவறுகள்

காலையில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், கருவி எதுவும் வேண்டாம், பாய் விரிக்க இடமிருந்தால் போதும் என்ற உறுதிமொழிகளுடன் ‘திபெத்திய ஐந்து கிரியைகள்’ கைப்பேசிக் காணொளிகளின் வழியே எங்கள் வீடுகளுக்கும் வந்துவிட்டன. கிரியை என்றதும் யாழ்ப்பாணத்தவருக்கு ஐயரும் தர்ப்பையும் நினைவுக்கு வரக்கூடும். இவையோ வெறும் உடற்பயிற்சிகள். நின்ற இடத்தில் சுழலுதல், மல்லாந்து படுத்துக் கால்களையும் தலையையும் உயர்த்துதல், முழந்தாளில் நின்று பின்னால் வளைதல், கைகளையும் பாதங்களையும் ஊன்றி உடலை மேசைபோல உயர்த்துதல், குப்புற ஊன்றிய நிலையிலிருந்து இடுப்பை மேலே தூக்கி இறக்குதல் என்பவையே அந்த ஐந்து. ஒவ்வொன்றையும் 21 முறை செய்வது முழு அளவு.

அந்த 21தான் முதற் பொறி. நேர்த்தி வைத்துவிட்டால் ஒரு சுற்றுக்கூடக் குறையக்கூடாது என்று வளர்ந்த எங்களுக்கு, மூன்றோடு நிறுத்துவது அரைகுறை வேலையாகத் தோன்றுகிறது. ஆனால் பயிற்சிக்குரிய முறை முதல் வாரம் நாளொன்றுக்கு மும்மூன்று, பின்னர் வாரத்துக்கு இரண்டு கூட்டுவது என்பதே. அவ்வாறு போனால் 21ஐ எட்டப் பத்தாவது வாரம் ஆகும். நான் இதை வாசித்தும் பொருட்படுத்தாமல், மூன்றாம் நாளே விறாந்தையில் 21 சுற்று என்று முடிவெடுத்துச் சுழன்றேன். பதின்மூன்றோ பதினான்கோ ஆனபோது கை போய்க் கதிரையின் சட்டத்தில் அடிபட்டது. நான் மினுக்கிய சீமெந்து நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். குசினியிலிருந்து எட்டிப்பார்த்த அம்மா, “என்ன மோனே, விடியக்காலமை உரு வந்திட்டுதே?” என்று கேட்டார். மணிக்கட்டு வீக்கம் வற்ற ஒரு கிழமை ஆயிற்று.

சுழற்சியில் நிகழ்வது இதுதான். உட்காதிலுள்ள அரைவட்டக் குழாய்களில் நிறைந்திருக்கும் திரவம், உடல் நின்ற பிறகும் சிறிது நேரம் அசைந்துகொண்டிருப்பதால், கண்ணுக்கு வீடே சுற்றுகிறது. ஆகவே தலை இலேசாகக் கிறுகிறுக்கத் தொடங்கியதும், எண்ணிக்கை எதுவாயினும், அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிட வேண்டும். வேகமும் வேண்டியதில்லை. நின்றவுடன் கண்ணை மூடிக்கொள்வது பலரும் செய்யும் பிழை. கால்களைச் சற்று அகட்டி, எதிரே அசையாத ஒரு பொருளைப் பார்த்து நிற்பதே பாதுகாப்பு. திசை பற்றியும் குழப்பம் உண்டு. நிலத்தில் முகம் மேலாகக் கிடக்கும் கடிகாரத்தின் முள் ஓடும் திசையில், அதாவது வலப்பக்கமாகத் திரும்பிச் சுழல வேண்டும். காணொளியில் எதிரே நிற்பவரைக் கண்ணாடிபோலப் பின்பற்றுபவர்கள் இடப்பக்கமாகச் சுற்றுகிறார்கள். அதனால் கெடுதி எதுவும் வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. தலைச்சுற்று நோய் உள்ளவர்கள் எந்தத் திசையிலும் சுழலாமல், மற்ற நான்கோடு நின்றுகொள்வது நல்லது.

தலைச்சுற்றைவிடக் கழுத்தே எனக்குக் கூடுதல் கவலை தருவது. இரண்டாவதில் நாடி நெஞ்சைத் தொட வேண்டும், மூன்றாவதிலும் நான்காவதிலும் தலை பின்னால் சாய வேண்டும்; எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் தலையைத் தேங்காய் விழுவதுபோலப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். கழுத்தெலும்புத் தேய்வு உள்ளவருக்குக் கை விறைப்பும் வலியும் கூடுவதற்கு இதுவே போதும். தலையைக் கொண்டுபோகும் நேரமும் கொண்டுவரும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். நோகுமிடத்துக்கு முன்னரே திரும்பிவிடலாம். இரண்டாவதில் நீட்டிய கால்களை இறக்கும்போது இடுப்புக்கும் பாய்க்கும் இடையே கை நுழையுமளவு முதுகு எழும்புகிறதென்றால், வயிற்றுத் தசை இன்னும் தயாரில்லை என்று பொருள். அப்போது முழங்காலை மடித்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவதற்குப் பனையோலைப் பாய் மட்டும் போதாது. நாலாக மடித்த சாரமோ பழைய போர்வையோ முழங்காலின் கீழ் இருக்க வேண்டும். ஐந்தாவது ‘ரைல்ஸ்’ பதித்த நிலத்தில், வியர்த்த உள்ளங்கையோடு செய்யக்கூடாத ஒன்று. எங்கள் சித்திரை வெக்கையில் வியர்ப்பதற்கு மூன்று முறையே போதும்.

மூச்சைப் பிடித்துக்கொள்வது வெளியே தெரியாத தவறு. உடல் உயரும்போது அல்லது விரியும்போது மூச்சு உள்ளே, திரும்பும்போது வெளியே. ஐந்தாவதில் மட்டும் சில ஆசிரியர்கள் மாற்றிச் சொல்வதுண்டு. எம்முறையானாலும் அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென ஏறும். பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும், கண்ணழுத்த நோய், குடலிறக்கம், அண்மைய சத்திரசிகிச்சை என்பவை உடையவர்களும், கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பிரஷருக்குக் குளிசை எடுப்பவர்களில் சிலருக்குப் படுத்திருந்து எழும்பும்போதே கண் இருட்டும். சீனி வருத்தத்துக்கு இன்சுலின் போடுபவர்கள் வெறுவயிற்றில் செய்யும்போது சீனி இறங்கிவிடலாம். கையெட்டும் தூரத்தில் இனிப்பாக ஏதாவது இருக்கட்டும். உடம்பு இலேசாகிவிட்டது என்று குளிசையைத் தாமாக நிறுத்துபவர்களுக்குச் சொல்ல என்னிடம் மென்மையான சொல் இல்லை.

‘தொன்மை’ என்ற சொல்லில் மயங்குவதும் தவறுகளில் ஒன்று. இப்பயிற்சிகள் மேலைநாடுகளுக்கு அறிமுகமானது 1939இல் பீற்றர் கெல்டர் என்பவர் வெளியிட்ட ஒரு சிறுநூலால். இமயமலை மடமொன்றில் கற்றுவந்த முதியவர் இளமை திரும்பப் பெற்றார் என்பது அதன் கதை. உடலின் சக்தி மையங்களாக அதில் சொல்லப்படும் ஏழு சுழல்களில் இரண்டு முழங்கால்களில் இருக்கின்றன. உடம்பின் நடுவே ஆறு மையங்களைச் சொல்லும் ஆறாதாரம் அறிந்த சைவர் எவரும் இவ்விடத்தில் புருவத்தை உயர்த்துவார். திபெத்தியப் பௌத்தத்தில் ‘ட்ருல்கோர்’ எனப்படும் யந்திர யோகம் உண்மையாகவே உண்டு. அது மூச்சும் அசைவும் பின்னிய, ஆசிரியரிடம் இருந்து கற்க வேண்டிய வேறொரு மரபு. இந்த ஐந்தையும் அதனோடு ஒன்றாக எண்ணக்கூடாது. கதையை ஒதுக்கிவைத்தாலும் முதுகு, வயிறு, தோள், தொடை எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும் ஒழுங்கான பயிற்சி இது என்பதில் எனக்கு ஐயமில்லை. நரை கறுக்கும் என்று எதிர்பார்த்தவர்களே இரண்டாம் மாதம் கைவிடுகிறார்கள்.

புட்டும் சம்பலும் சாப்பிட்டவுடன் செய்யாதீர்கள் என்பதைச் சொல்லவே தேவையில்லை. குளிப்பைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்ததும் உடல் விறைக்கக் குளிர்நீரில் குளிக்கவேண்டாம் என்பது வழக்கமான அறிவுரை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் மார்கழி தவிர அவ்வளவு குளிர்வதில்லை. ஆனால் தலை கிறுகிறுக்கும்போதே வாளியும் துவாயுமாகப் போய்த் தாழ்ந்த கட்டின் மேல் குனிந்து தண்ணீர் அள்ளாதீர்கள். மல்லாந்து படுத்து மூச்சு அடங்கும்வரை கிடந்து, எழுந்து முற்றத்தில் நாலு நடை நடந்தபின் கிணற்றடிக்குப் போகலாம்.