மான்டிபோராவைத் தின்ற வெள்ளைப் பூச்சியை ஒழித்த கதை

என் கடல்நீர்த் தொட்டியில் வளரும், தட்டு வடிவ மான்டிபோரா பவளத்தின் ஓரம் வெளுக்கத் தொடங்கியதும் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். கால்சியம், காரத்தன்மை, வெப்பம் எல்லாம் சரியாகவே இருந்தன, ஆனால் வெளுப்பு மட்டும் நாளுக்கு நாள் அடிப்பக்கத்திலிருந்து ஏறிக்கொண்டே வந்தது. விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அரிசி நொய் அளவில், முதுகெல்லாம் இறகு முளைத்த மாதிரி வெள்ளை நூடிபிராங்க்குகள். ஓடில்லாத கடல் நத்தை இனம். இந்த வகைக்கு மான்டிபோராதான் சாப்பாடு.

பவளத்தை வெளியே எடுத்து, டேங்க் தண்ணீரிலேயே அயோடின் கலந்து பத்து நிமிடம் வைத்து, பிப்பெட்டால் வேகமாகப் பீச்சினேன். கொத்தாக உதிர்ந்தன. அத்தோடு முடிந்தது என்று நினைத்ததுதான் தவறு, ஏனென்றால் இந்த மருந்து முட்டைகளைக் கொல்வதில்லை. கொஞ்ச நாளில் மறுபடி அதே வெளுப்பு.

சரி என்று எல்லா மான்டிபோராவையும் தனித் தொட்டிக்கு மாற்றினேன். முட்டை ஒட்டியிருந்த செத்த பகுதியை வெட்டி எறிந்து, வெட்ட முடியாத இடத்தை டூத்பிரஷால் தேய்த்து, மேலே சூப்பர் க்ளூ ஜெல் பூசினேன். அப்புறம் ஐந்து நாளுக்கு ஒரு டிப் (அதே அயோடின் குளியல்), ஆறு வாரம் விடாமல். பெரிய டேங்கில் தின்ன எதுவும் இல்லாததால் அங்கே மிஞ்சியவை பட்டினியில் ஒழிந்தன. இந்தப் பூச்சிகளைத் தின்னும் என்று ராஸ் மீனை மட்டுமே நம்பி இருந்துவிடாதீர்கள், தட்டுக்கு அடியில் இருக்கும் முட்டையை அது தொடாது.

ஏழாவது வாரம் ஓரத்தில் புது வளர்ச்சி தெரிந்தது. அன்று தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.