சூழலுக்கு உகந்த வாழ்க்கை: நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறுகள்

இனிமேல் சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வாழ வேண்டும் என்று முடிவெடுத்ததும் பலர் முதலில் போவது கடைக்குத்தான். மூங்கில் பல்துலக்கி, கண்ணாடி ஜாடிகள், எஃகு உறிஞ்சுகுழல், கூடவே நாலைந்து துணிப்பைகள் என்று வாங்கி வருகிறார்கள். வீட்டில் நன்றாக இருந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் குப்பைக்குப் போகின்றன. முதல் தவறு இங்கேயே நடந்துவிடுகிறது. அந்த டப்பாவைச் செய்யச் செலவான எண்ணெயும் மின்சாரமும் தூக்கிப் போட்டால் திரும்பி வரப்போவதில்லை. அதன் இடத்துக்கு வரும் கண்ணாடி ஜாடிக்கோ, மணலைச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸில் உருக்கியாக வேண்டும். சூடான உணவைப் பழைய பிளாஸ்டிக்கில் வைக்க மனம் வரவில்லையா? சரி, அதில் பட்டன், நூல், ஆணி போட்டு வையுங்கள். உடையும் வரை அதற்கு வேலை இருக்கிறது.

துணிப்பையையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. சாதாரண பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட, பருவநிலைப் பாதிப்பை மட்டும் கணக்கிட்டாலே, பருத்திப் பையைக் குறைந்தது 52 முறையும், இயற்கை வேளாண் பருத்திப் பையை 149 முறையும் பயன்படுத்தினால்தான் ஈடாகும் என்றது. கடலுக்கும் கால்வாய்க்கும் போய்ச் சேரும் குப்பையை அந்த ஆய்வு கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் பிளாஸ்டிக் பைக்குத் திரும்பலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒன்றிரண்டு துணிப்பைகளை வருடக்கணக்கில் தேயத் தேயப் பயன்படுத்துங்கள். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி இலவசமாகத் தருகிறார்களே என்று வாங்கிக் குவிப்பதுதான் கேடு.

அடுத்த தவறு, கண்ணில் படுவதை மட்டும் துரத்துவது. போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வைப்பதில் கண்ணாக இருப்பவர், குளிக்கும் வெந்நீரைப் பற்றி யோசிப்பதே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி கூடுதலாகச் சூடேற்ற ஏறத்தாழ 0.44 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி விளக்கு இரண்டு நாள் இரவும் பகலும் அணையாமல் எரியும். போன் மாட்டாமல் சும்மா இருக்கும் சார்ஜர் கால் வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அவ்வளவு மின்சாரத்தை அது தின்று முடிக்க 70 நாளுக்கு மேல் ஆகும். சார்ஜரைப் பிடுங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டு மின்சாரத்தில் பெரும் பங்கு சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும் போகிறது. வெந்நீரின் சூட்டைக் கொஞ்சம் குறைப்பது, துணிகளைப் பச்சைத் தண்ணீரில் துவைப்பது, ஏசியின் வெப்பநிலையை இரண்டு டிகிரி ஏற்றி வைப்பது, இவற்றில்தான் கணக்கு உண்மையாகவே இறங்கும்.

ஏசி என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. குளிர்ச்சி குறைந்தால் ஆளைக் கூப்பிடுகிறோம். அவர் “கேஸ் குறைஞ்சிருக்கு” என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போகிறார். அந்த வாயு பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிந்து காற்றில் கலந்திருக்கிறது. பல ஏசிகளில் இருக்கும் ஆர்-410ஏ என்னும் வாயு, 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல 2,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது. ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன் கரியமில வாயுவை வெளியே விட்டதற்குச் சமம். ஆகவே கசிவை அடைக்காமல் நிரப்ப மட்டும் விடாதீர்கள். பழைய ஏசியையும் ஃபிரிட்ஜையும் கழிக்கும்போது வாயுவை முறையாக உறிஞ்சி எடுப்பவரிடமே கொடுங்கள்.

அப்புறம் மறுசுழற்சி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் முக்கோண அம்புகளுக்குள் ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்ததும் மறுசுழற்சிக்குப் போய்விடும் என்று நிம்மதியாகிவிடுகிறோம். 1988இல் பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அந்தக் குறி, பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான் சொல்கிறது. 2015 வரை உலகில் உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம்தான். உங்கள் பகுதியில் எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்று குப்பை எடுக்க வருபவரிடமே கேட்டுவிடுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று எண்ணெய்க் கறை படிந்த அட்டையையும் பால் ஒட்டிய கவரையும் சேர்த்துப் போட்டால், கூட இருக்கும் சுத்தமான தாள்களும் வீணாகும். ‘மக்கும் பிளாஸ்டிக்’ கோப்பைகளும் இப்படித்தான். அவற்றில் பலவும் சோளம், கரும்பு போன்ற பயிர்களிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வகை. மக்குவதற்கு 60 டிகிரி அளவுச் சூடு நிலைக்கும் தொழிற்கூட உரக்கிடங்கு வேண்டும். தோட்டத்தில் புதைத்தால் நீண்ட காலம் அப்படியே கிடக்கும்.

சமையலறையில் நடக்கும் தவறுதான் எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது. உறையைப் பற்றி அவ்வளவு கவலைப்படுகிறோம், உள்ளே இருந்த உணவைக் கொட்டும்போது கை கூசுவதில்லை. ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் ஹோட்டல்களிலோ கடைகளிலோ வீணாகவில்லை, வீடுகளில் வீணானது. நிலம், நீர், உரம், டீசல், அடுப்பு எல்லாம் செலவான பிறகு குப்பைமேட்டுக்குப் போகும் அந்த உணவு, காற்றுப் புகாமல் அழுகி மீத்தேனை வேறு வெளியிடுகிறது. மொத்தமாக வாங்கினால் பொட்டலம் குறையுமே என்று வாங்கி, பாதியை அழுக விடுவது இதில் ஒரு வகை. ஃபிரிட்ஜின் பின்வரிசையில் மறந்துபோன கிண்ணம் இன்னொரு வகை. முதலில் தீர்க்க வேண்டியதை கண்ணுக்கு நேரே முன்வரிசையில் வையுங்கள். கடைக்குக் கிளம்பும் முன் ஒருமுறை ஃபிரிட்ஜைத் திறந்து பாருங்கள். உரக்குழி இருக்கிறதே என்ற தைரியத்தில் மிச்சம் வைக்காதீர்கள். தோலும் காம்பும் போக வேண்டிய இடம் அது.

சிக்கனமான சாதனம் வந்ததும் கை தளர்வதும் உண்டு. எல்இடிதானே என்று விடிய விடிய எரிய விடுவோம், மைலேஜ் தருகிறதே என்று தெருமுனைக்கும் வண்டி எடுப்போம். இயந்திரங்கள் திறன் கூடக் கூட நிலக்கரிச் செலவு ஏறத்தான் செய்கிறது என்று பொருளியலாளர் ஜெவன்ஸ் 1865இலேயே எழுதினார்.

கடைசியாக, வீட்டு ஆட்களைக் கேட்காமல் ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றுவது. சோப்பு, பை, குப்பைக்கூடை, சமையல் என்று அத்தனையிலும் புதுச் சட்டம் போட்டால், சமைப்பவருக்கும் துவைப்பவருக்கும்தான் வேலை கூடும். மாதம் முடிவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த வேலையைத் தினமும் செய்பவரிடம், எதை முதலில் மாற்றலாம் என்று கேளுங்கள். எது எங்கே வீணாகிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.