போர்ச்சில் ஐஸ்கிரீம் கடைவது: யார் சுற்றுவது, யார் மேலே உட்காருவது

ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, கரோலினா என்று அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வளர்ந்தவர்களிடம் சின்ன வயது ஜூலை மாதத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கொசுவலைக் கதவு 'டப்'பென்று அடிக்கும் சத்தத்துக்கு அடுத்து ஒரு கரகரப்பைச் சொல்வார்கள். மர வாளிக்குள் ஐஸும் உப்பும் அரைபட, நடுவில் தகர டப்பா சுழலும் சத்தம் அது. ஜூலை 4 சுதந்திர தினம், தேவாலயத்து மரத்தடிச் சாப்பாடு, சொந்தபந்தம் கூடும் நாள், எதுவானாலும் வீட்டு முன்னால் போர்ச்சில், அதாவது கூரை போட்ட திண்ணையில், கையால் சுற்றிக் கடையும் ஐஸ்கிரீம் உண்டு. இந்தக் கருவிக்கு மோட்டார் கிடையாது, குடும்பம்தான் மோட்டார். பால், சர்க்கரைக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், ஆளுக்கு ஆள் வேலை பிரிப்பதில் கோட்டை விட்டால் கிண்ணத்துக்கு வருவது ஆறிப்போன பாயசம்தான்.

கருவி பழசு. பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் 1843-இல் காப்புரிமை வாங்கிய அமைப்பு, பெரிய மாற்றம் இல்லாமல் இன்றும் ஓடுகிறது. வெளியே மர வாளி, உள்ளே உயரமான உலோக டப்பா, அதற்குள் மத்து. நம் மோர் மத்து மாதிரி இல்லை. டப்பாவின் உள்சுவரை உரசிக்கொண்டே போகும் தகடுகள் பொருத்திய சட்டம். மேலே பல்சக்கரப் பெட்டியும் கைப்பிடியும். வாளியின் பக்கவாட்டில், டப்பாவின் மூடிக்குக் கொஞ்சம் கீழே, விரல் நுழையும் அளவுக்கு ஒரு வடிதுளை. பாதிப் பேர் கண்டுகொள்ளாத அந்தத் துளைதான் மொத்த சாமானிலும் முக்கியமானது. ஏன் என்று பின்னால் வரும்.

வாளி மரமாக இருந்தால் முதல் நாளே தண்ணீர் நிரப்பி ஊறவிடுங்கள். வருஷம் முழுக்கக் காய்ந்து கிடந்த பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டிருக்கும். ஊறிப் பருத்தால்தான் ஒழுகாது.

இனி கலவை. 4 குவார்ட் கருவிக்கு, அதாவது 3.8 லிட்டர் டப்பாவுக்கு: பால் 1 லிட்டர், இனிப்பில்லாத டின் பால் ஒன்று (354 மி.லி.), கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின் (397 கிராம்), முட்டை 4, சர்க்கரை 200 கிராம், வனிலா ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, நன்றாகப் பழுத்த பீச் பழம் 1 கிலோ. தெற்கத்திச் சமையலறைகளில் டின் பால் இல்லாத ஐஸ்கிரீமைப் பார்ப்பது அபூர்வம். அந்த வெயிலில் கறந்த பாலாடை தாங்காத காலத்தில் டின்தான் கைகொடுத்தது, அந்த ருசியே பிறகு பழகிவிட்டது.

பாதிச் சர்க்கரையை முட்டையோடு அடித்து, சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கி, சிறு தீயில் கிளறுங்கள். 71 டிகிரி செல்சியஸாவது வரவேண்டும். பச்சை முட்டை சேர்த்த பழைய செய்முறைகளை இன்று பின்பற்ற வேண்டியதில்லை. 82-ஐத் தாண்டவிட்டால் முட்டை திரிந்து கட்டிகட்டியாகிவிடும். வெப்பமானி இல்லையென்றால் மரக்கரண்டியின் முதுகைப் பாருங்கள். கஸ்டர்ட், அதாவது இந்த முட்டைப் பால் கலவை, படிந்த இடத்தில் விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். இறக்கி, வடிகட்டி, இரண்டு டின்களையும், உப்பையும், வனிலாவையும் சேர்த்து இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். சூடு ஆறியதும் நேரே டப்பாவில் ஊற்றுகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாகச் சுற்றுவார்கள். அதற்குள் குழந்தைகள் ஓடிவிடுவார்கள்.

பீச் பழத்தைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டுக் குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் கையோடு வரும். கொட்டை ஒட்டாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஜார்ஜியாவின் மார்ஷல்வில்லில் சாமுவேல் ரம்ஃப் 1870-களில் உருவாக்கி மனைவியின் பெயரை வைத்த எல்பர்ட்டா அப்படிப்பட்டது. பழத்தை மசித்து மீதி 100 கிராம் சர்க்கரையைப் போட்டு ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். சர்க்கரை ஏறாத பழத்துண்டு உள்ளே போனால் ஐஸ்கட்டியாக உறைந்து பல்லைக் கூசவைக்கும். அதே சமயம், இனிப்பாக இருக்கட்டுமே என்று சர்க்கரையை அள்ளிக் கொட்டவும் கூடாது. சர்க்கரை கூடக் கூட உறைநிலை இறங்கும். எவ்வளவு சுற்றினாலும் கெட்டிப்படாது. எல்லாம் சேர்ந்து சுமார் 2.6 லிட்டர் வரும், டப்பாவில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல். அதற்கு மேல் நிரப்பாதீர்கள். கடையும்போது காற்று புகுந்து பொங்கும்.

ஐஸ் 9 கிலோ, கல்லுப்பு ஒன்றரைக் கிலோ. பெரிய பாளமாக வந்தால் சாக்கில் போட்டுச் சுத்தியலால் எலுமிச்சங்காய் அளவுக்கு உடைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்களுக்கு இதைவிடப் பிடித்த வேலை வீட்டில் கிடையாது. தூள்தூளாக்கி விடாமல் ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும். (செயற்கை ஐஸ் வருவதற்கு முன் இந்த ஊர்களுக்கு வடக்கே நியூ இங்கிலாந்துக் குளங்களில் வெட்டிய பாளங்கள் கப்பலில் வந்தன. அந்த வியாபாரத்தின் பெரிய புள்ளியான பிரெடெரிக் டியூடரின் ஐஸ்தான் சென்னைக்கும் வந்தது. கடற்கரை ஐஸ் ஹவுஸ் 1842-இல் அதற்காகவே எழுந்தது. ஃபுளோரிடாவின் அப்பலாச்சிகோலாவில் இருந்த ஜான் கோரி என்ற மருத்துவர் ஐஸ் செய்யும் இயந்திரத்துக்கு 1851-இல் காப்புரிமை வாங்கினார்.)

டப்பாவை வாளிக்குள் வைத்து, பல்சக்கரத்தைப் பூட்டி, ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் ஓடினால் வாளியின் கால்வாசி உயரத்துக்கு ஐஸ், அதன்மேல் ஒரு கை உப்பு, மறுபடி ஐஸ், மறுபடி உப்பு. எட்டுப் பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு. அடுக்கும்போதே கைப்பிடியை மெல்லச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கலவை ஓரத்தில் ஒட்டி உறைந்து மத்தைப் பிடித்துக்கொள்ளும். குல்ஃபிக்காரர் பானையில் ஐஸோடு உப்பைப் போடுவது எதற்கோ, இதுவும் அதற்குத்தான். உப்பு ஐஸைக் கரைக்கிறது, கரைவதற்கு வேண்டிய வெப்பத்தை ஐஸ் டப்பாவிலிருந்து இழுக்கிறது. இந்த அளவில் உப்புத் தண்ணீர் மைனஸ் 7 டிகிரி அளவுக்குப் போகும். தூள் உப்பு வேண்டாம். சட்டென்று கரைந்து அடியில் இறங்கிவிடும்.

உப்பைக் கூட்டினால் சீக்கிரம் முடியுமே என்று ஒரு மாமா கட்டாயம் சொல்வார். முடியும், ஆனால் ஓரம் வேகமாக உறைந்து ஐஸ்கிரீம் நறநறவென்று மணல் மாதிரி ஆகும்.

இப்போது ஆட்கள். வயது வரிசையில் கீழிருந்து மேலே போக வேண்டும். தொடக்கத்தில் கைப்பிடி இறகு மாதிரி இருக்கும், ஐந்து வயதுக் குழந்தைகூடச் சுற்றலாம். நிமிடத்துக்கு 40 சுற்று போதும். முதலிலேயே வேகமாகச் சுற்றினால், கொழுப்பான கலவையாக இருக்கும் பட்சத்தில் வெண்ணெய் திரண்டு நாக்கில் மெழுகாக ஒட்டும். ஆளுக்கு ஐம்பது சுற்று என்று சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நேரத்தை வைத்துப் பிரித்தால் தம்பி ஏமாற்றிவிட்டான் என்ற பஞ்சாயத்து வரும். பத்தாவது நிமிடத்தில் கை கனக்கத் தொடங்கும்போது பெரிய பிள்ளைகள், பதினைந்தாவதில் பெரியவர்கள். கடைசி ஐந்து நிமிடம் தோள் பலம் உள்ள ஒருவருக்கு. போர்ச் ஊஞ்சலில் ஆடியபடி அதுவரை யோசனை மட்டும் சொன்னவரை இந்த இடத்தில் எழுப்பலாம்.

கை கனத்ததும் வாளி தரையில் நகரத் தொடங்கும். அதற்குத்தான் மேலே ஒரு குழந்தை. சாக்கையோ பழைய துண்டையோ நான்காக மடித்துப் பல்சக்கரப் பெட்டியின் மேல் போட்டு உட்காரவையுங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளையென்றால் வாளியும் சேர்ந்து ஊர்வலம் போகும். 20 கிலோவுக்கு மேல் இருந்தால் நல்லது. ஐந்து நிமிடத்தில் பின்பக்கம் மரத்துப்போகும், நனையும். அழுகை வருவதற்குள் ஆளை மாற்றுங்கள். அரைக்கால் சட்டைக்காரருக்கு மடிப்பு இன்னொன்று கூடுதல். நீண்ட கூந்தலைப் பின்னிக் கட்டாமல் யாரையும் பல்சக்கரத்துப் பக்கம் குனியவிட வேண்டாம்.

திடீரென்று கைப்பிடி நின்றுவிட்டால் உறைந்துவிட்டது என்று கொண்டாடாதீர்கள். ஐந்தாம் நிமிடத்தில் நின்றால் அது பெரும்பாலும் டப்பாவுக்கும் வாளிக்கும் நடுவே சிக்கிய ஐஸ்துண்டு. அரைச் சுற்றுப் பின்னால் திருப்பி, குச்சியால் தட்டிவிடுங்கள். பலத்தைக் காட்டினால் பல்சக்கரத்தின் பல் போகும். அரை மணி ஆகியும் தண்ணியாகவே இருக்கிறதென்றால், அநேகமாக யாரோ நல்ல எண்ணத்தில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டியிருப்பார்கள். அந்த உப்புத் தண்ணீர்தான் டப்பாவைச் சுற்றி நின்று குளிர்விக்கிறது. அது துளை மட்டத்துக்கு இருக்க வேண்டும். மிஞ்சினது தானாக வடியும். துளையை ஐஸ் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மூடிக்கு மேல் ஏறி உள்ளே கசியும், அதோடு எல்லாம் போச்சு. உப்புக் கரித்த ஐஸ்கிரீமைக் காப்பாற்ற ஒரு வழியும் இல்லை. அந்தத் துளையை அவ்வப்போது விரலால் குத்திப் பார்ப்பதையே ஒரு பிள்ளைக்கு முழுநேர வேலையாகக் கொடுத்துவிடுங்கள்.

'ஆயிற்றா?' என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பார்கள். அதற்காகத் திறந்து காட்டாதீர்கள். கைப்பிடி ஒரு ஆளால் முடியாத அளவுக்கு இறுகும்போது நிறுத்தினால் சரி. உள்ளே கெட்டி இட்லி மாவுப் பதத்தில், மத்து போன தடம் மூடாமல் இருக்கும்.

திறக்கும் முன் தண்ணீரை மூடிக்கு நன்றாகக் கீழே இறக்கி, மூடியையும் விளிம்பையும் ஈரத்துணியால் உப்பு போகத் துடையுங்கள். மத்தை நேராக மேலே தூக்கி ஒரு பெரிய கிண்ணத்தில் வையுங்கள். மத்தை நக்குவது யார் என்பதைச் சுற்றத் தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். வழக்கப்படி, மேலே உட்கார்ந்தவருக்கே முதல் உரிமை. மத்தைக் கிண்ணத்தில் சுத்தமாக வழித்து எடுக்கிற பெரியவர்களைப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் மன்னிப்பதில்லை. ஒரு விரல் கனத்துக்கு விட்டுவைக்க வேண்டும்.

மிச்சத்தை அழுத்தி, மெழுகுத்தாள் விரித்து மூடி, மூடியின் நடுத் துளையைத் தக்கையால் அடையுங்கள். இப்போது நான்குக்கு ஒன்று கணக்கில் புது ஐஸும் உப்பும், டப்பா மறையும்வரை. இது மைனஸ் 16 வரை போகும். மேலே செய்தித்தாள், அதன்மேல் பழைய போர்வை. ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரம் நிழலில். உடனே சாப்பிட்டால் பத்து நிமிடத்தில் கிண்ணத்தில் குளமாகும். ஆனாலும் காத்திருந்த குடும்பம் குறைவு, அதனால் பாதியை அப்போதே பரிமாறிவிட்டு மீதியை மூடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். முதல் கரண்டியை அவசரமாக விழுங்கி நெற்றியைப் பிடித்துக்கொள்கிறவரிடம் நாக்கை மேலண்ணத்தில் அழுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீரைப் புல்வெளியில் கொட்டினால் அந்த வட்டம் அந்தக் கோடை முழுக்கக் காய்ந்து கிடந்து காட்டிக்கொடுக்கும். பாட்டியின் அசேலியாச் செடி வேரில் கொட்டியவருக்கு அடுத்த முறை கிண்ணமே கிடைக்காது. சரளைக்கல் பாதையில் ஊற்றுங்கள். கருவி முழுவதையும் வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள், ஒருநாள் தள்ளினாலே உப்பு இரும்பைத் தின்னும். துடைத்துவிட்டுப் பல்சக்கரத்துக்குச் சமையல் எண்ணெய் தடவி, வாளியை நிழலில் கவிழ்த்துக் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் பலகை வெடிக்கும்.