பேட்டரி மாற்றும் முன் டைனமோவைப் பாருங்கள்

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் நேரே பேட்டரி கடைக்கு ஓடாதீர்கள். நான் ஓடினேன். புது பேட்டரி போட்டுப் பத்தே நாளில், கானாடுகாத்தானில் கல்யாணம் முடிந்து ராத்திரி காரைக்குடி திரும்பும்போது, ஹெட்லைட் மங்கி, ஹாரன் தொண்டை கட்டியது போல முனகி, கோட்டையூர் வருவதற்குள் வண்டி நின்றுவிட்டது. பின் சீட்டிலிருந்து அப்பத்தா, "புது பேட்டரின்னியேப்பா?" என்றார். பேட்டரி பாவம், அதற்குச் சார்ஜே ஏறவில்லை. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போயிருந்தது, நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் டைனமோ என்றால்தான் புரியும்.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியின் பேட்டரியில் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதி. அப்புறம் ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் போட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். 13.5க்கு மேல், 14.5 வரை வந்தால் சரி. 15ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போச்சு, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

12லேயே நின்றால் உடனே டைனமோவைக் கழற்றாதீர்கள். முதலில் பெல்ட் தொய்வு, அப்புறம் டெர்மினலில் பூத்த பச்சைப் பொடி. அடுத்ததைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்: இன்ஜின் ஓடும்போதே மீட்டரின் சிவப்பு முனையை டைனமோவின் பின்னால் தடித்த வயர் முறுக்கிய போல்ட்டிலும், கறுப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் வையுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு வயரில், டைனமோவில் இல்லை. டைனமோ பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் 0.2க்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. பெல்ட்டில் கை, சட்டை, துண்டு எதுவும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரி என்றால்தான் கழற்ற வேண்டும். என் வண்டியில் டைனமோவுக்குள் சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். சின்னச் செலவு, நான் பேட்டரிக்குக் கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. டீசல் வண்டி சிலவற்றில் டைனமோ முதுகிலேயே, பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் இருக்கும். அதன் சீல் போனால் ஆயில் உள்ளே இறங்கி கார்பனை நனைக்கும். அப்போது கார்பனை மட்டும் மாற்றினால் திரும்பவும் அதே கதைதான், சீலையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கும் பழைய வித்தையை யாராவது காட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். வோல்ட் சட்டென்று எகிறி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசிஎம்மைக் காலி செய்துவிடும்.