பழைய தோட்ட டிராக்டர்: பெயிண்டை உரிக்கும் முன் பிரேமைப் படியுங்கள்

புல் வெட்டவும் பனி தள்ளவும் பயன்படும் சின்ன வண்டிதான் தோட்ட டிராக்டர். அப்படிப் பழையது ஒன்று கிடைத்ததும் கை பரபரக்கும். கழற்றிப் போட்டு, பிரேமை (வண்டியின் அடிச்சட்டம்) மணல் அடித்துப் பழைய பெயிண்டை உரிக்க அனுப்பி, பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்றுதான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த வண்டிகள் பல கை மாறியவை. வைத்திருந்தவர்கள் ஆளுக்கொரு ஓட்டை போட்டிருப்பார்கள், பட்டை பற்றவைத்திருப்பார்கள். எது கம்பெனி வேலை, எது பின்னால் வந்த வேலை என்பதற்கான தடயம் அந்தத் துருவிலும் பழைய பெயிண்டிலும்தான் இருக்கிறது. மணல் அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

1. முதலில் எண்

மாடல், சீரியல் எண் உள்ள தகட்டைத் தேடுங்கள். இன்ஜின் எண்ணை அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கோலர் கம்பெனியின் கே வரிசை இன்ஜின்களில் 'ஸ்பெக்' எண் என்று தனியாக ஒன்று இருக்கும். எந்த உபயோகத்துக்காகச் செய்த இன்ஜின் என்பதை அது சொல்லும். அது உங்கள் மாடலோடு பொருந்தாவிட்டால் இன்ஜினை மாற்றியிருக்கிறார்கள். அப்போது இன்ஜின் உட்காரும் இடத்தில் புது ஓட்டைகளை எதிர்பார்க்கலாம்.

அப்புறம் அந்த மாடலின் உதிரிபாகப் புத்தகம். வண்டிக் கையேட்டைவிட இதுதான் முக்கியம். பிரித்துக் காட்டும் படங்களோடு, 'இந்த எண் வரை இந்த பாகம், அதற்கு மேல் அது' என்றும் போட்டிருப்பார்கள். ஒரே பெயரில் வந்த வண்டியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஜான் டீர் கம்பெனி 1963-இல் கொண்டுவந்த 110 மாடலில் பின்சக்கரத்தின் மேல்மூடி வளைவாக இருக்கும். 1968 முதல் சதுரம். கப் காடெட் என்ற இன்னொரு பிராண்ட் வண்டி வைத்திருப்பவர்கள் குறுகிய பிரேம், அகன்ற பிரேம் என்றே வண்டிகளைப் பிரித்துப் பேசுவார்கள்.

2. சுத்தம், ஆனால் மென்மையாக

பேட்டரியைக் கழற்றுங்கள். வண்டியை ஜாக்கில் மட்டும் நிறுத்தாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். கிரீஸ் அழுக்கை மரத்துண்டால் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்ட வேண்டாம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் உலர்வாகத் தேய்க்கவும் கூடாது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள்.

3. ஓட்டைகள்தான் சாட்சி

இதற்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். ஒரு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் போதும்.

பஞ்ச் அடித்த ஓட்டையில், பஞ்ச் நுழைந்த பக்கத்து விளிம்பு லேசாக உள்ளே மடங்கி வழவழப்பாக இருக்கும். உள்சுவரில் பாதி மழமழப்பு, மீதி கிழிந்தது போன்ற சொரசொரப்பு. வெளியேறிய பக்கம் பிசிறு. இப்படி இருந்தால் பெரும்பாலும் கம்பெனி ஓட்டை. ட்ரில் போட்டதில் உள்சுவர் முழுக்க ஒரே சீராக நுண்ணிய வளையக் கோடுகள் தெரியும். அதற்காக ட்ரில் என்றாலே பின்னால் போட்டது என்று முடிவு கட்டாதீர்கள், கம்பெனியிலும் சில இடங்களில் ட்ரில் செய்வார்கள். கேஸ் கட்டிங்கில் போட்ட ஓட்டை மேடுபள்ளமாகவே இருக்கும், சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது, ஓட்டையின் உள்சுவரில் பெயிண்ட் இருக்கிறதா? பிரேமின் முதல் அடுக்கு நிறம் உள்ளேயும் போயிருந்தால் அது பெயிண்டுக்கு முந்திய ஓட்டை. நீளவாக்கு ஓட்டையில் இருபுறமும் நேர்க்கோடாக இருந்தால் வேண்டுமென்றே செய்தது. கோணலாக, போல்ட் மரை பதிந்து பளபளத்தால் தேய்மானம்.

எதுவும் மாட்டாத ஓட்டையைக் கண்டு பயப்பட வேண்டாம். புல்வெட்டி, பனி தள்ளும் தகடு போன்றவை மாட்டவும், வேறு மாடலுக்குப் பயன்படவும் சேர்த்தே பிரேம்களில் ஓட்டை விட்டிருப்பார்கள். பிரேமின் எதிர்ப்பக்க நீளச் சட்டத்தில் அதே இடத்தில் ஜோடி இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்.

4. வெல்டிங்கும் போல்ட்டும்

வலது இடது இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில், ஒரே இடத்தில் தொடங்கி முடியும் வெல்டிங் பெரும்பாலும் கம்பெனியுடையது. ஒரு பக்கம் மட்டும் கட்டி கட்டியாக இருந்தால் யாரோ விரிசலை அடைத்திருக்கிறார்கள். அங்கே பெயிண்டின் அடியில் விரிசல் தொடர்கிறதா என்றும் பாருங்கள்.

இவற்றில் பெரும்பாலான அமெரிக்க வண்டிகளின் போல்ட்கள் இன்ச் அளவு. தலையில் 3 கோடு இருந்தால் கிரேடு (வலிமைத் தரம்) 5, 6 கோடு இருந்தால் கிரேடு 8. 8.8, 10.9 என்று எண் பொறித்திருந்தால் அது மெட்ரிக், பின்னால் மாட்டியது.

5. நிறம்

சீட்டின் அடி, பேட்டரித் தட்டின் அடி, பிரேமின் உட்பக்கம் – வெயில் படாத இடங்களில்தான் அசல் நிறம் தங்கும். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் அடுக்குகள் வளையங்களாகத் தெரியும். பிரைமருக்கு மேல் முதலில் இருப்பதுதான் உங்கள் நிறம். வினோதமாக இருந்தால் தள்ளிவிடாதீர்கள்: 1969 வாக்கில் ஜான் டீரே வெள்ளை வண்டிக்குச் சிவப்பு, நீலம், ஆரஞ்சு, மஞ்சள் என்று முன்மூடி போட்டு விற்றது.

6. குறித்து வையுங்கள்

கம்பெனி ஓட்டைக்கு வெள்ளைச் சாக்பீஸ், சந்தேகத்துக்கு மஞ்சள், நிச்சயமாகப் பின்னால் வந்ததற்குச் சிவப்பு. குறித்ததும் மறுபடி போட்டோ. சிவப்பை மட்டும் இப்போது அடைக்கலாம். மஞ்சளை, எல்லா பாகங்களையும் ஒருமுறை பெயிண்ட் இல்லாமல் மாட்டிப் பார்க்கும் வரை தொடாதீர்கள். பிரேக் கம்பியோ வயர் கிளிப்போ அங்கேதான் வந்து உட்காரும்.